வாசகர் கேள்வி – பதில்: கோட்டை அகழி பூங்காவான ஊர்

லாட்வியத் தலைநகரமான ரீகாவின் கால்வாய்ப் பூங்காவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப்பேர் அந்நகரத்தில் மருத்துவமோ பொறியியலோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியே இருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மதுரை வாசகி ஒருவர்: எங்கள் மகள் ரீகாவில் மருத்துவம் படிக்கிறாள். வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் அவளைப் பார்க்கச் செல்கிறோம். பழைய நகரத்தைப் பார்த்தாலே போதும், பூங்காவில் என்ன இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதற்கென்று அரை நாள் ஒதுக்குவது வீண்தானா?

வீண் இல்லை அம்மா. பழைய நகரத்தின் தேவாலயங்களும் வணிகர் மாளிகைகளும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அந்த நகரம் தன் மதில்களை இடித்துவிட்டு எப்படி வெளியே வந்தது என்பதை அறிய வேண்டுமானால் கால்வாய்க் கரையில்தான் நடக்க வேண்டும். பழைய நகரத்துக்கும் அகன்ற புதிய சாலைகளுக்கும் நடுவே வளைந்து செல்லும் இந்தக் கால்வாயின் நீளம் சுமார் 3.2 கிலோமீட்டர், அதன் இரு முனைகளும் தௌகவா ஆற்றில் கலக்கின்றன. நடுப்பகுதி முழுவதும் இரு கரையிலும் பூங்கா.

தேசிய ஓப்பரா அரங்கின் முன்னுள்ள மலர்ப்பாத்திகளிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். நீரை விட்டு விலகாமல் சென்றால் சில நிமிடங்களில் விடுதலை நினைவுச்சின்னம் வரும்; அதைக் கடந்ததும் பஸ்தேய்கல்ன்ஸ் என்னும் கொத்தளக் குன்று; அதற்கு அப்பால் மரங்கள் அடர்ந்த குரோன்வால்டா பூங்கா. பயணிகள் பெரும்பாலும் குன்றோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதால் குரோன்வால்டா பூங்காவில் கூட்டம் குறைவு. உள்ளூர்க்காரர்கள் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டும் புத்தகத்தோடும் வந்து அமர்வது அங்கேதான். பெர்லின் சுவரின் துண்டு ஒன்றும் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும். ஆகவே பகலைப் பழைய நகரத்துக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கொடுத்துவிட்டு, மாலை ஏழு மணிக்குப் பூங்காவுக்கு வந்தாலும் நிதானமாகப் பார்த்து முடிக்க வெளிச்சம் இருக்கும். ஒரு செய்தியை மட்டும் முன்கூட்டியே கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜூன் 23, 24 ஆகிய நாட்கள் அந்நாட்டின் கோடைத் திருநாள் விடுமுறை. நகரத்தில் பாதிப்பேர் நாட்டுப்புறத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைகள் பலவும் அடைத்திருக்கும்.

வேலூர் வாசகர் ஒருவர்: அந்தக் கால்வாய் முன்பு கோட்டை அகழியாக இருந்தது என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எங்கள் ஊர்க் கோட்டையைச் சுற்றியும் அகழி இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. ரீகாவில் கோட்டை மதில் எங்கே போயிற்று? அகழியை மட்டும் ஏன் விட்டு வைத்தார்கள்?

நல்ல கேள்வி. வேலூரில் அகழிக்கு உள்ளே கோட்டை நிற்கிறது. ரீகாவில் கோட்டையைத் தாங்களே கலைத்துவிட்டு, அகழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரீகா, ரஷ்யப் பேரரசின் காவல் நகரங்களில் ஒன்று. மதிலும், மதிலுக்கு வெளியே கூர்முனைகளோடு துருத்தி நின்ற மண் கொத்தளங்களும், அவற்றைச் சுற்றி நீர் நிறைந்த அகழியும், அகழிக்கு அப்பால் பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காகக் காலியாக விடப்பட்ட வெட்டவெளியுமாக நகரம் அடைபட்டுக் கிடந்தது. வெட்டவெளிக்கு அப்பால் இருந்த புறநகர்களில் மக்கள் மரவீடுகளில்தான் குடியிருந்தார்கள்; பகைவர் நெருங்கினால் அவற்றை உடனே கொளுத்திவிடலாம் என்பது அதில் உள்ள கணக்கு. அந்தக் கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. 1812இல் நெப்போலியனின் படை வருகிறது என்று ஆளுநர் புறநகர்களுக்குத் தீ வைக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. ஆனால் அந்தப் படை கடைசி வரை நகரத்தைப் பிடிக்கவில்லை. காவலுக்காகக் கட்டிய கோட்டையே, அதற்கு வெளியே வாழ்ந்த எளிய மக்களுக்கு ஆபத்தாக முடிந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. எரிந்துபோன பகுதியில் 1817இல் திறக்கப்பட்ட வேர்மனெஸ் தோட்டம், கால்வாயிலிருந்து சில நிமிட நடையில் இன்றும் இருக்கிறது. அந்நகரத்தில் பொதுமக்களுக்கென்று அமைந்த பூங்காக்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

பிறகு வணிகம் பெருகியது; உள்ளே இடம் போதவில்லை; புதிய பீரங்கிகளுக்கு முன்னால் மண் கொத்தளங்களால் பயனில்லை என்பதைக் கிரிமியப் போர் காட்டிவிட்டது. பேரரசின் அனுமதி கிடைத்து 1857இல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். வியன்னாவின் மதில்களை இடித்து வட்டச்சாலை அமைக்க ஆஸ்திரியப் பேரரசர் ஆணையிட்டதும் அதே ஆண்டில்தான். ஐரோப்பாவின் பல நகரங்கள் இறுகிய அரைக்கச்சையை அவிழ்க்கத் துணிந்த காலம் அது.

இடித்த பின் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்பதில்தான் ரீகாவின் பெருமை இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஃபெல்ஸ்கோவும் அவருடைய துணைவர் டீட்ஸெவும் வகுத்த திட்டம், அந்த நிலத்தை மனை மனையாகக் கூறு போட்டு விற்றுவிடச் சொல்லவில்லை. அகழியைச் சீர்செய்து கால்வாயாக்கி, இரு கரையையும் தோட்டமாக விட்டு, தோட்டத்தை ஒட்டி மரங்கள் வரிசை பிடித்த அகன்ற சாலைகளை அமைத்து, அந்தச் சாலைகளின் ஓரத்தில் அரங்கம், கல்விக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களை எழுப்ப வேண்டும் என்று அது சொன்னது. ஓப்பரா அரங்கு 1863இல் திறக்கப்பட்டது. இன்று லாட்வியப் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக விளங்குவது அந்நாளில் தொழில்நுட்பக் கல்லூரியாக எழுந்ததுதான். மணல் கொத்தளம் என்று பெயர் பெற்றிருந்த ஒரே ஒரு கொத்தளத்தின் மண்ணை மட்டும் முழுவதும் அகற்றாமல் குவித்துக் குன்றாக்கினார்கள். நீங்கள் இப்போது வளைபாதையில் ஏறி நின்று கால்வாயைப் பார்க்கும் பஸ்தேய்கல்ன்ஸ், அந்தப் பழைய போர் மண்தான்.

மதில் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குன்றிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே வட்டமான தடித்த செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. வெடிமருந்துக் கோபுரம் என்பார்கள். அதன் சுவரில் பதிந்துபோன பீரங்கிக் குண்டுகளைக் கீழிருந்தே காணலாம். இப்போது அது போர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. குன்றையும் கோபுரத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்குக் கோட்டை எங்கே இருந்தது, அகழி எங்கே ஓடியது என்பதை வரைபடம் இல்லாமலேயே கண்டுகொள்ள முடியும்.

இன்று காணும் தோட்ட அழகில் பெரும்பங்கு கெயோர்க் கூஃபால்ட் என்பவருக்கு உரியது. நகரப் பூங்காக்களின் இயக்குநராக 1880இல் பொறுப்பேற்ற அவர், முதல் உலகப்போர் மூளும் வரை அப்பணியில் இருந்தார். நேர்கோட்டுப் பாத்திகளை விட்டு வளைந்த பாதைகள், குன்றின் சரிவில் பாறைகளுக்கு இடையே வழியும் செயற்கை நீரோடை, தொலைதூர நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் என்று அவர் செய்தவை பலவும் இன்றும் நிற்கின்றன. தோட்டக்காரர் ஒருவருக்கு ஒரே நகரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தால் மரங்கள் எப்படி வளரும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், குன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்: படகில் சுற்றுவது சிறந்ததா, நடப்பது சிறந்ததா? இரண்டுக்கும் நேரம் இல்லை.

ஒன்றுதான் முடியும் என்றால் நடங்கள். பூங்கா கரையில் இருக்கிறது. படகிலிருந்து பார்க்கும்போது மரங்களின் அடிப்பகுதியும் பாலங்களின் வயிறும்தான் பெரிதும் கண்ணில் படும். நேரம் கிடைத்தால் படகையும் விட வேண்டாம். குன்றின் அருகேயுள்ள துறையிலிருந்து புறப்பட்டு, கால்வாய் வழியாகச் சென்று, தௌகவா ஆற்றில் இறங்கி, மறுமுனை வழியாகக் கால்வாய்க்குள் நுழைந்து, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். செப்பெலின் வான்கப்பல்களுக்கான கொட்டகைகளின் சட்டகங்களைக் கொண்டு கட்டிய மத்தியச் சந்தையின் வளைந்த கூரைகளையும், ஆற்றின் அக்கரையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தின் சரிந்த கண்ணாடி முகப்பையும் அந்தச் சுற்றிலேயே பார்த்துவிடலாம். 1907இல் கட்டிய ‘டார்லிங்’ என்ற மரப்படகும் அங்கே ஓடுகிறது. அது கிடைத்தால் அதிலேயே ஏறுங்கள். கால்வாயில் காற்றே இல்லாதது போலத் தோன்றினாலும் ஆற்றுக்குள் நுழைந்ததும் குளிர் உறைக்கும் என்பதால் கையில் ஒரு மேலாடை இருக்கட்டும். குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். அப்போது படகு கிடையாது.

தஞ்சாவூர் வாசகி ஒருவர்: அந்தப் பூங்காவில் புல்லுக்கும் பாதைக்கும் இடையே பெயர் பொறித்த கற்கள் இருப்பதையும், அவற்றின் மேல் பூக்கள் வைக்கப்பட்டிருப்பதையும் ஒரு படத்தில் பார்த்தேன். அவை கல்லறைகளா? அந்த இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கல்லறைகள் அல்ல அம்மா. 1991இல் அங்கே சுடப்பட்டவர்கள் வீழ்ந்த இடங்களைக் குறிக்கும் நினைவுக்கற்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்கிறேன். அந்தக் கற்களைத் தாண்டிக்கொண்டு படம் எடுக்கப் போகிறவர்களே அதிகம்.

1990 மே 4ஆம் நாள் லாட்வியா தன் விடுதலையை மீண்டும் அறிவித்தது; சோவியத் ஆட்சி அதை ஏற்கவில்லை. 1991 ஜனவரியில் அண்டை நாடான லித்துவேனியாவின் தலைநகரில் சோவியத் படைகள் மக்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்ததும், லாட்வியாவின் ஊர்களிலிருந்து உழவு இயந்திரங்களையும் மரம் ஏற்றிய லாரிகளையும் ஓட்டிக்கொண்டு மக்கள் ரீகாவுக்கு வந்து, நாடாளுமன்றத்தையும் வானொலி நிலையத்தையும் சுற்றியுள்ள தெருக்களை அடைத்தார்கள். உறைபனி இரவுகளில் தெருவில் தீ மூட்டிக் குளிர் காய்ந்தபடி, ஆயுதம் எதுவும் இல்லாமல் காவல் இருந்தார்கள்.

ஜனவரி 20 இரவு, ஓமோன் என்னும் சோவியத் சிறப்புக் காவல் படை உள்துறை அமைச்சகக் கட்டடத்தைத் தாக்கியது. கட்டடம் கால்வாயின் அந்தக் கரையில். பூங்காவும் குன்றும் இந்தக் கரையில். திரைப்பட இயக்குநர் யூரிஸ் பொட்னியெக்ஸின் குழுவினர் பூங்காவிலிருந்து அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது குண்டுகள் நீரைத் தாண்டி வந்தன. ஒளிப்பதிவாளர் அந்த்ரிஸ் ஸ்லாபின்ஷ் அன்றே உயிரிழந்தார். அவருடைய தோழர் க்விதோ ஸ்வைக்ஸ்னே படுகாயமடைந்து பிப்ரவரி 5ஆம் நாள் இறந்தார். காவலர்கள் இருவரும் மாணவர் ஒருவரும் அந்த இரவில் பலியானார்கள். காதலர்களும் குழந்தைகளும் உலவுவதற்கென்று வகுத்த பாதையில் இது நிகழ்ந்தது. நீங்கள் படத்தில் கண்டவை இவர்களுடைய கற்கள்.

நடந்துகொள்வதற்குத் தனி விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. கல்லின் மேல் கால் வைக்காமல், சாய்ந்து நின்று படம் எடுக்காமல், ஒரு நிமிடம் நின்று பெயரைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். பூ வைக்க மனம் இருந்தால் வைக்கலாம். ஆனால் லாட்வியர்கள் இறந்தவர்களுக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் மலர் வைப்பார்கள். ஒற்றைப்படை, பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் உரியது. ஆகவே இரண்டு மலர்களோ நான்கு மலர்களோ வாங்குங்கள். பழைய நகரத்துக்குள் இந்த நிகழ்வுகளுக்கென்று சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளோடு செல்கிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்கு வந்தால், கற்களின் முன் நின்று நீளமாக விளக்க வேண்டியிராது.

திருநெல்வேலி வாசகர் ஒருவர்: விடுதலை நினைவுச்சின்னத்தின் அடியில் அசையாமல் நிற்கும் வீரர்களோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா?

சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம். அவர்களிடம் பேச்சுக் கொடுப்பதும் படிமீது ஏறி அமர்வதும் கூடாது. 42 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூண், சிற்பி கார்லிஸ் ஜாலேயின் வடிவமைப்பில், மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு எழுப்பப்பட்டு 1935 நவம்பர் 18ஆம் நாள் திறக்கப்பட்டது. உச்சியில் நிற்கும் பெண்ணின் கைகளில் உள்ள மூன்று விண்மீன்கள் நாட்டின் மூன்று வரலாற்றுப் பகுதிகளைக் குறிக்கின்றன. சோவியத் ஆட்சியில் அதன் அடியில் மலர் வைப்பது அரசுக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டது. 1987 ஜூன் 14ஆம் நாள், சோவியத் ஆட்சியால் நாடு கடத்தப்பட்டவர்களின் நினைவாகச் சிலர் துணிந்து அங்கே மலர் வைத்தது, பின்னால் எழுந்த விடுதலை இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று. இதை அறிந்தவர் அங்கே குரலை உயர்த்திப் பேச மாட்டார். வீரர்கள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மாறுவார்கள். அந்த மாற்றத்தைப் பார்க்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி ஒருவர்: ஓப்பரா அரங்கின் அருகே கணவன், மனைவி, ஒரு நாய் ஆகிய மூவரும் நடந்து செல்வது போன்ற சிலை இருக்கிறதாமே, யார் அவர்கள்?

1901 முதல் 1912 வரை ரீகாவின் மேயராக இருந்த ஜார்ஜ் ஆர்மிட்ஸ்டெட், அவருடைய மனைவி, அவர்கள் வளர்த்த நாய். ஆங்கில வணிகக் குடும்பத்தில் வந்தவர். அவர் காலத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. 2006இல் இரண்டாம் எலிசபெத் அரசி லாட்வியாவுக்கு வந்தபோது அந்தச் சிலையைத் திறந்து வைத்தார். பீடத்தின் மேல் ஏற்றி வைக்காமல், தாம் ஆண்ட நகரத்தின் பூங்காவில் நடக்கும் மனிதராக ஒரு மேயரைக் காட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

திருச்சி வாசகர் ஒருவர்: என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. மகனின் பட்டமளிப்புக்காக அவரையும் அழைத்துச் செல்கிறேன். அவரால் இந்தப் பூங்காவைப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். கால்வாய்க் கரைப் பாதைகள் பெரும்பாலும் சமதளம். போதிய இருக்கைகளும் உள்ளன. பஸ்தேய்கல்ன்ஸில் மட்டும் ஏற்றம் உண்டு. படி ஏறாமல் வளைபாதையில் மெல்லச் செல்லலாம், அல்லது அம்மாவை அடிவாரத்தில் நீரோடை அருகே அமர வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறி வரலாம். அவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்தே புதுமணத் தம்பதிகள் பூட்டுகளை மாட்டிவிட்டுப் போகும் சிறு பாலத்துக்கு மெல்ல நடந்து போய்விடலாம். ஓப்பராவிலிருந்து குன்று வரை மட்டும் அவருக்குப் போதும். பழைய நகரத்தின் உருளைக்கல் தெருக்கள்தான் முழங்காலுக்குப் பகை; அங்கே நடப்பதைக் குறைத்து, அந்த நேரத்தையும் பூங்காவுக்கே கொடுங்கள்.

புதுச்சேரி மாணவர் ஒருவர்: கரையோர மரங்கள் சிலவற்றின் அடியில் கம்பி வலை சுற்றியிருப்பது ஏன்?

காரணம் பீவர் என்னும் கொறிக்கும் விலங்கு; அது நீர்நாய் அல்ல. நகரத்தின் நடுவே ஓடும் இந்தக் கால்வாயிலும் அது வாழ்கிறது. இரவில் கரையேறி மரத்தின் அடியைச் சுற்றிலும் பென்சில் சீவியது போல அரித்துவிடும் என்பதால், மரங்களைக் காக்க வலை சுற்றுகிறார்கள். வலை இல்லாத மரத்தின் அடியில் வெளிறிய மரச்சீவல்களும், உளி பட்டது போன்ற பல்தடங்களும் தெரிந்தால் முந்தைய இரவுகளில் அது வந்து போயிருக்கிறது என்று பொருள். விலங்கையே பார்க்க வேண்டுமானால் அந்தி மங்கும் நேரத்தில், பாலத்தின் மேல் பேசாமல் நிற்க வேண்டும்.

சென்னை வாசகி ஒருவர்: விசா, பணம், பருவம் ஆகியவற்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

லாட்வியா, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுவான ஷெங்கனைச் சேர்ந்தது. சுற்றுலா விசாவில் எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம்; பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கோடைக்காலத்துக்கு முன்கூட்டியே முந்திக்கொள்ளுங்கள். 2014 முதல் அங்கே யூரோதான் பணம். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கதவும் இல்லை. மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை எப்போது சென்றாலும் நடக்க இதமாக இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், அப்போது செல்கிறவர்கள் காலை உணவு முடிந்ததும் முதல் வேலையாகக் கால்வாய்க் கரைக்குப் போய்விடுவது நல்லது. பாதையில் பனி உறைந்து வழுக்கும், அடிப்பகுதியில் பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும்.